ஈயத்தகட்டிலிருந்து ஆட்டமேசை வரை: சாபத்தின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

1974ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து, ஒரு பெட்டிக்குள் அடங்கிய மூன்று சிறு கைந்நூல்கள் விற்பனைக்கு வந்தன. கரி கைகக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் ஆக்கிய அவ்வாட்டத்தின் பெயர் ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’. முதற் பதிப்பு ஆயிரம் படிகளே. ஆடுவோர் ஒவ்வொருவரும் வீரனாகவோ மந்திரவாதியாகவோ ஒரு பாத்திரத்தை ஏற்க, நடுவர் ஒருவர் கற்பனையுலகை விவரித்துச் செல்ல, செயல்களின் பயனைப் பகடை முடிவு செய்யும் அவ்வாட்டத்தின் விதிகளிடையே சாபத்திற்கும் ஓரிடம் இருந்தது. சாபமேறிய வாள், சாபமெழுதிய ஓலைச்சுருள், சாபத்தை நீக்கும் மந்திரம் ஆகியன அக்கைந்நூல்களிலேயே இடம்பெற்றுவிட்டன.

இதற்கு ஐந்து ஆண்டுகளின் பின், 1979இலும் 1980இலும், இங்கிலாந்தின் பாத் நகரில் உரோமர் காலத்து வெந்நீர் ஊற்றொன்றை அகழ்ந்த தொல்லியலறிஞர் பரி கன்லிஃப்பின் குழுவினர், அதன் அடிச்சேற்றிலிருந்து ஈயமும் வெள்ளீயமும் கலந்த மெல்லிய தகடுகள் பலவற்றை எடுத்தனர். பாத் நகரிற் கிடைத்த இத்தகைய தகடுகளின் தொகை ஏறத்தாழ 130 ஆகும். சுருட்டியும் மடித்தும் நீரில் எறியப்பட்டிருந்த அவற்றை விரித்து நோக்கியபோது, மிகப் பெரும்பாலானவை சாபங்களாகவே இருந்தன.

இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையே நேரடித் தொடர்பு எதுவுமில்லை. ஆயினும் அவற்றை அருகருகே வைத்து நோக்குமிடத்து வரலாற்று மாணவனுக்கு ஒரு வினா எழுகின்றது. சாபம் என்ன செய்யும் என்பது பற்றி இரண்டும் விரிவாகப் பேசுகின்றன. சாபத்தை இடுபவர் யார் என்பதில் மட்டும் அவை முற்றிலும் வேறுபடுகின்றன. அவ்வேறுபாடு எவ்வாறு நேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சாபத்தை ஈயத்தில் எழுதும் வழக்கம் உரோமருக்கு முற்பட்டது. இன்று கிடைத்துள்ளவற்றுள் மிகப் பழையன கி.மு. ஆறாம் நூற்றாண்டின் இறுதியையும் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தையும் சேர்ந்தவை. சிசிலித்தீவின் செலினுஸ் என்னும் கிரேக்கக் குடியேற்றத்திற் கிடைத்தவை. கிரேக்கர் இதனைக் ‘கட்டுதல்’ என்னும் பொருள்படும் சொல்லாற் குறித்தனர். இலத்தீனிலோ ‘ஆணியடித்து நிறுத்துதல்’ என்னும் பொருளுள்ள சொல் வழங்கிற்று. இவ்விரு சொற்களும் சாபத்தின் நோக்கத்தைத் தெளிவாகக் காட்டுகின்றன. எதிரியை அழிப்பதிலும் பார்க்க அவனது நாவையோ கையையோ அறிவையோ இயங்கவிடாது கட்டிப்போடுவதே பழைய தகடுகள் பலவற்றின் வேண்டுதலாகும். ஏதென்ஸ் நகரத்துத் தகடுகளில் வழக்குகள் தொடர்பானவை மிகுதி. எதிர்வழக்காடியும் அவனுடைய சாட்சிகளும் மன்றில் வாய் பேசாது நிற்கவேண்டும் என அவை கேட்கின்றன. இனி, ஈயம் தெரிவுசெய்யப்பட்டமைக்கு முதற் காரணம் அதன் மலிவு. லோரியன் சுரங்கங்களில் வெள்ளியைப் பிரிக்கும்போது கழிவாக எஞ்சிய உலோகம் அது. பின்னர் அதன் தண்மையும் பாரமும் நிறமுமே உவமையாயின. இத்தகடு குளிர்ந்து பயனற்றுக் கிடப்பதுபோல அவனும் ஆகுக என எழுதினர். தகட்டை மடித்து ஆணியால் துளைத்து, அகால மரணமுற்றோரின் புதைகுழியிலோ கிணற்றிலோ இட்டனர். வாழ்நாள் முடியுமுன் இறந்தவரின் ஆவி அமைதியின்றி அலையும் என்றும், அதனை ஏவற்றூதாக்கலாம் என்றும் அவர்கள் நம்பினர். கிரேக்க உரோம உலகெங்கும் இவ்வாறு கிடைத்த தகடுகள் 1,500க்கும் மேற்பட்டவை.

எனினும் சாபம் யாவும் மறைவில் இடப்பட்டன எனக் கொள்ளுதல் தவறு. சின்னாசியாவின் தெயோஸ் நகரத்தில் கி.மு. 470ஐ அண்டிய காலத்துக் கல்வெட்டுகள் கிடைத்துள்ளன. நகர மக்களுக்கு நஞ்சூட்டுபவனும், தானியம் நகருக்குள் வருவதைத் தடுப்பவனும், நகரைக் காட்டிக்கொடுப்பவனும் குலத்தோடு அழிக என்று நகரமே அவற்றிற் சபிக்கின்றது. விழாக் காலங்களில் அதிகாரிகள் இச்சாபத்தை உரத்துக் கூறுதல் வேண்டும். கூறாத அதிகாரியும் அக்கல்லின் எழுத்தை அழிப்பவனும் அதே சாபத்துக்கு உள்ளாவர். தமிழ்க் கல்வெட்டுகளின் இறுதியில் தருமத்துக்கு இடையூறு செய்வோரைப் பற்றி வரும் தொடர்களைப் படித்தோர்க்கு இவ்வகைச் சாபம் புதிதன்று. அதிகாரமுடையோர் தமது சாபத்தைக் கல்லிற் பொறித்துப் பலரறிய நாட்டினர். அதிகாரமற்றோர் தமது சாபத்தை ஈயத்தில் எழுதி மடித்து ஒளித்தனர். சாபத்தின் வரலாற்றில் இவ்வேறுபாடு கருத்திற் கொள்ளற்பாலது.

அதிகாரமற்றோர் என்னும்போது பாத் நகரத்துத் தகடுகளையே விரிவாக நோக்குதல் பொருந்தும். அவை கி.பி. இரண்டாம் நூற்றாண்டு தொடக்கம் நான்காம் நூற்றாண்டு வரையான காலத்தவை. நாளொன்றுக்குப் பத்து இலட்சம் லீற்றருக்கு மேல், ஏறத்தாழ 46 பாகை செல்சியசு வெப்பத்துடன் நீர் பொங்கும் அவ்வூற்று, சூலிஸ் என்னும் பிரித்தானியத் தெய்வத்துக்கு உரியது. உரோமர் அத்தெய்வத்தைத் தமது மினேர்வாவுடன் இணைத்து வணங்கினர். தகடுகளை வாசித்து 1988இல் வெளியிட்ட ரொஜர் ரொம்லின், அவற்றின் பொருள் பெரும்பாலும் ஒன்றே எனக் காட்டினார். அது களவு. அதுவும் பெருங்களவன்று. ஒரு மேலாடை, குளிக்கும்போது களைந்து வைத்த உடை, ஒரு காப்பு, ஒரு வெண்கலப் பாத்திரம், சில நாணயங்கள் என்பனவே களவு போயின. டொசிமெடிஸ் என்பவன் இழந்தவை இரண்டு கையுறைகள். எடுத்தவன் அறிவையும் கண்களையும் இழக்கவேண்டும் என்பது அவன் வேண்டுதல். புரூசெருஸின் மகன் டொசிலியானுஸ் தனது தலைமூடியுள்ள மேலங்கியை இழந்தான். திருடியவன் ஆணாயினும் பெண்ணாயினும், அடிமையாயினும் சுதந்திரனாயினும், அந்த அங்கியைக் கோயிலுக்குக் கொணரும்வரை உறக்கமும் மக்கட்பேறும் அவனுக்கு இல்லாதொழிக என்றும், அவனுக்குச் சாவு வருக என்றும் அவன் தேவியிடம் கேட்டான்.

இரண்டு கையுறைகளுக்காக ஒருவன் கண்ணிழப்பதா என்று இன்றைய வாசகர் நகைக்கக்கூடும். அவ்வாறு நகைப்பதற்கு முன்னர் உரோமச் சட்டத்தை நினைவுகூர்தல் வேண்டும். உரோமச் சட்டத்திற் களவு தனிமனிதர்க்கிடையிலான வழக்காகவே கருதப்பட்டது. திருடனைத் தேடிப்பிடிப்பதும், அவனை மன்றுக்குக் கொணர்வதும் பொருளை இழந்தவனுடைய பொறுப்பு. குளிக்கும் இடத்திற் களவுபோன ஆடைக்குரிய திருடனை ஓர் எளிய மனிதன் எங்கே தேடுவான்? ஆகவே அவன் வழக்கைத் தேவியிடம் கொண்டுசென்றான். அத்தகடுகளின் மொழி மந்திர மொழியன்று, பெரிதும் வழக்குமன்ற மொழியே என்பது ஈண்டு நோக்கற்பாலது. ஆணோ பெண்ணோ, அடிமையோ சுதந்திரனோ என அடுக்கும் தொடர், தப்பும் வழியெதனையும் விட்டுவைக்காத சட்ட வரைஞரின் தொடராகும். இதனினும் நுட்பமானது ஒன்றுண்டு. இழந்தோர் சிலர் களவுபோன பொருளையே தேவிக்கு உரிமையாக்கி எழுதினர். அக்கணத்திலிருந்து திருடனின் கையிலிருப்பது டொசிலியானுஸின் அங்கியன்று, கோயிற்சொத்து. மனிதனிடம் திருடியவன் இப்போது தெய்வத்திடம் திருடியவனாகின்றான். அண்மையிலுள்ள ஊலி என்னும் இடத்தில் மேர்க்கூரி கோயிலிற் கிடைத்த தகடொன்றில், சட்டுர்னினா என்னும் பெண் தான் இழந்த லினன் துணியில் மூன்றிலொரு பங்கைத் தெய்வத்துக்கே தருவதாகப் பேரம் பேசுகின்றாள். அதே கோயிலில் செனாக்குஸ் என்பவன் தனது பொதிவிலங்கைத் திருடியவர்களாக விட்டாலினுஸையும் அவன் மகனையும் பெயர் சுட்டி முறையிடுகின்றான். விலங்கைத் திருப்பித் தரும்வரை அவர்களுக்கு உடல்நலம் இல்லாதிருக்கட்டும் என்கிறான். டச்சு அறிஞர் வெர்ஸ்நெல் இவ்வகைத் தகடுகளை ஏனைய சூனியத் தகடுகளிலிருந்து பிரித்து, ‘நீதிகோரும் வேண்டுதல்கள்’ எனப் பெயரிட்டமை மிகப் பொருத்தமானதே.

எழுதியோர் யாவர்? தகடுகளின் கையெழுத்துகள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று வேறுபட்டவை. ஆகவே கோயில்வாயிலில் அமர்ந்த ஓர் எழுத்தன் யாவர்க்கும் எழுதிக்கொடுத்தான் என எண்ணுவதற்கில்லை; இழந்தவரே எழுதினர் எனக் கொள்ளுதலே பொருந்தும். அவர்களிற் பலர் பிரித்தானியப் பெயருடையோர். உரோமக் குடிமகனுக்குரிய முப்பெயரை ஈண்டுக் காண்டல் அரிது. அவர்கள் எழுதிய இலத்தீன், சிசெரோவின் இலத்தீன் அன்று. சந்தையிலும் குளிக்குமிடத்திலும் பேசப்பட்ட இலத்தீன். அன்னியானுஸ் என்பவன் தனது பையிலிருந்து ஆறு வெள்ளிக்காசுகளைத் திருடியவன், ‘பழஞ்சமயத்தவனாயினும் கிறித்தவனாயினும்’ தண்டிக்கப்படுக என எழுதினான். சமய மாற்றம் நாட்டின் மூலையொன்றில் அன்றாட வாழ்வினுள் எவ்வாறு நுழைந்தது என்பதற்குப் பேரரசர்களின் ஆணைகள் தராத சான்றை ஆறு காசுகளை இழந்த ஒருவனின் கோபம் தந்துவிடுகின்றது. இவற்றினும் உள்ளத்தைத் தொடும் தகடுகள் வேறு சில. அவற்றில் எழுத்தில்லை, எழுத்தைப்போலத் தோன்றும் கீறல்கள் மட்டுமே வரிவரியாக உள்ளன. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர், எழுத்துத்தான் தேவியிடம் செல்லும் வழி என்று நம்பி, கண்ட எழுத்தின் வடிவை நினைவிற் கொண்டு கீறியிருக்கின்றார்.

இத்தகடுகளை வாசித்தல் எளிதன்று. பாத் நகரிலிருந்து 1880இற் கிடைத்த தகடொன்றை ஒக்ஸ்போர்ட்டின் பொட்லியன் நூலகத் தலைவர் நிக்கல்சன் 1904இல் வாசித்து, அது வினிசியுஸ் என்னும் கிறித்தவன் நிக்ரா என்னும் பெண்ணுக்கு எழுதிய கடிதம் என அறிவித்தார். பிரித்தானியக் கிறித்தவத்தின் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்றாக அது சிலகாலம் பேசப்பட்டது. பின்னாளில் ரொம்லின் அத்தகட்டை ஆராய்ந்தபோது, நிக்கல்சன் அதனைத் தலைகீழாகப் பிடித்து வாசித்திருந்தார் என்பது தெரியவந்தது. அதுவும் ஒரு சாபத்தகடே.

இனி, சாபம் எழுதுவதைத் தொழிலாகக் கொண்டோரும் இருந்தனர். சிறு தொகைக்குப் பகைவன் நல்லவனாயினும் தீயவனாயினும் அவனுக்குத் தீங்கு செய்து தருவதாகச் செல்வர் வீட்டு வாயில்களில் அலைந்த பிச்சைப் பூசாரிகளைப் பிளேட்டோ ‘குடியரசு’ என்னும் நூலிற் பழிக்கின்றார். ‘சட்டங்கள்’ என்னும் பிற்கால நூலில் அத்தகைய தொழிலாளர்க்கு மரண தண்டனை விதிக்கின்றார். அவர்கள் பயன்படுத்திய விதிநூல்கள் சிலவும் எகிப்தின் வறண்ட மண்ணில் அழியாது கிடைத்தன. பாரிஸ் தேசிய நூலகத்திலுள்ள நான்காம் நூற்றாண்டுப் பப்பைரசு நூலொன்று ஒரு பெண்ணை வசப்படுத்தும் முறையைக் கூறுகின்றது. மெழுகாலோ களிமண்ணாலோ அவளுருவைச் செய்தல், பதின்மூன்று செப்பூசிகளை உறுப்புறுப்பாக ஏற்றுதல், ஈயத்தகட்டில் எழுதுதல், அகாலத்தில் இறந்தவரின் குழியருகே வைத்தல் என அம்முறை படிப்படியாக விரிகின்றது. பதின்மூன்று ஊசிகள் ஏற்றிய அத்தகைய களிமண் பெண்ணுருவம் ஒன்று தனது ஈயத்தகட்டோடு இன்று பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றது. சரப்பம்மோன் என்பவன் தொலெமாயிஸ் என்னும் பெண்ணின்மீது ஏவியது அது. உண்ணவும் பருகவும் விடாது அவளைத் தன்னிடம் இழுத்துவருமாறு கேட்கும் அத்தகட்டில் நீதி கோரும் குரல் இல்லை. களவு கொடுத்தவனின் முறையீட்டுக்கும் இதற்குமுள்ள தூரம் பெரிது. சாபமிட்டோர் யாவரையும் ஒடுக்கப்பட்டோராக்கிப் போற்றுவது வரலாறாகாது.

சாபத்துக்கு விளைவு இருந்ததா? இவ்வினாவுக்குப் பண்டைய நூல்களே சுவையான விடைகளைத் தருகின்றன. தித்தினியா என்னும் பெண்ணுக்கு எதிரான வழக்கிற் பேச எழுந்த கூரியோ என்னும் வழக்குரைஞர் சட்டென வழக்கு முழுவதையும் மறந்தமர்ந்தார்; தித்தினியாவின் மந்திரமே தன் நினைவைக் கட்டியது என்றார். அவ்வழக்கில் மறுபக்கம் வாதாடிய சிசெரோவே இதனைப் பதிவுசெய்கின்றார். கூரியோவின் நினைவாற்றல் பொதுவாகவே இரங்கத்தக்கது என்பது அவர் கருத்து. நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்தியோக்கியாவில் வாழ்ந்த நாவலர் லிபானியுஸின் கதை இன்னும் துயரமானது. பேச்சும் எழுத்தும் தம்மைவிட்டு நீங்கி, மூட்டுநோயால் வருந்திய காலத்தில், அவர் பாடம் நடத்தும் அறையில் உலர்ந்த பச்சோந்தியொன்று கண்டெடுக்கப்பட்டது. அதன் தலை பின்னங்கால்களிடையே செருகப்பட்டிருந்தது. முன்கால் ஒன்றைக் காணவில்லை. மற்றையது வாயை மூடியிருந்தது. எழுதும் கையும் பேசும் வாயும் கட்டுண்டமைக்கு அதுவே சான்றென்று கொள்ளப்பட்டது. அது அகற்றப்பட்டபின் அவர் நலமடைந்தார். எவர்மீதும் அவர் வழக்குத் தொடரவில்லை என்பது அவர் பெருந்தன்மைக்குச் சான்று.

இரு கதைகளிலும் விளைவு முதலில் நேர்கின்றது. சாபம் பின்னரே கண்டுபிடிக்கப்படுகின்றது. கி.பி. 19இல் உரோம இளவரசன் ஜேர்மானிக்குஸ் நோயுற்றபோதும் இவ்வாறே நிகழ்ந்தது. அவனது இல்லத்துச் சுவரிலும் நிலத்திலும் மனித எச்சங்களும், அவன் பெயர் பொறித்த ஈயத்தகடுகளும் கிடைத்ததாகத் தசிற்றஸ் எழுதுகிறார். சிரியாவின் ஆளுநனாயிருந்த பிசோ உரோமில் விசாரிக்கப்பட்டான். விசாரணை முடியுமுன் கழுத்தறுபட்டுக் கிடந்தான். பிசோ அதிகாரமுடையவன். ஆனாற் சாபமிட்ட பழி பெரும்பாலும் அத்தகையோர்மீது விழுவதில்லை.

லிதியா நாட்டிற் கிடைத்த கி.பி. 156-157ஆம் ஆண்டுக்குரிய கல்வெட்டொன்று இதனைத் தெளிவாக்கும். யுக்குண்டுஸ் என்பவனுக்குச் சித்தம் பேதலித்தது. மாமியாராகிய தத்தியாஸே அவனுக்கு மருந்திட்டாள் என ஊர் பேசியது. ஊர்வாயை மூட வழியறியாத அப்பெண் கோயிலிற் செங்கோலை நாட்டி, தன்மீது பழி கூறுவோரைச் சபித்தாள். பின்னர் அவளும் இறந்தாள். அவள் மகன் சொக்கிராத்தஸ், கொடிமுந்திரி வெட்டும் அரிவாள் கையினின்று நழுவிக் காலில் விழ, ஒரே நாளில் மாண்டான். தெய்வம் அவளையே தண்டித்தது என ஊர் முடிவுசெய்தது. சந்ததியார் அவளிட்ட சாபத்தை நீக்கிக் கல் நாட்டினர். குற்றமற்றவள் எனக் கூறுதற்கு அவளிடமிருந்த ஒரே கருவி சாபம். அதுவே அவள் குற்றத்துக்குச் சான்றாகிவிட்டது. கினிடொஸ் நகரத்துத் தெமேத்தர் கோயிலிற் சார்ள்ஸ் நியூற்றன் 1850களின் இறுதியிற் கண்டெடுத்த தகடுகளிலும் இதே நிலையைக் காணலாம். அவை பெண்கள் எழுதியவை. அவர்களுள் ஒருத்தி, தான் நஞ்சூட்டியிருந்தால் தானே அத்தெய்வத்தின் சினத்துக்கு ஆளாகுக என்று எழுதித் தன்மீதான பழியை மறுக்கின்றாள்.

இப்பின்னணியோடு ஆட்டமேசைக்கு வருவோம். டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் தனது சாபங்களை ஈயத்தகடுகளிலிருந்து பெறவில்லை. காவியங்களிலிருந்தும் கற்பனைக் கதைகளிலிருந்தும் பெற்றது. 1979இல் வெளிவந்த நடுவர் கையேட்டின் பின்னிணைப்பொன்றில் கைகக்ஸ் தம்மை ஊக்கிய நூல்களைப் பட்டியலிட்டுள்ளார். போல் அன்டர்சனின் ‘உடைந்த வாள்’ என்னும் நாவலும், மைக்கேல் மூர்க்கொக்கின் உயிருண்ணும் கருவாள் வரும் கதைகளும் அதில் உள. அவ்வாள்களின் பின்னணியில் நிற்பது வடநாட்டு மரபிலுள்ள திர்விங் என்னும் வாள். பதின்மூன்றாம் நூற்றாண்டு ஐஸ்லாந்துக் காவியத்தின்படி, மன்னனொருவன் குள்ளர் இருவரைச் சிறைபிடித்து அவ்வாளைச் செய்வித்தான். வலிந்து வேலை வாங்கப்பட்ட அக்கொல்லர் வாளையும் செய்தனர், சாபத்தையும் இட்டனர். உருவும்போதெல்லாம் அது ஓர் உயிரைக் கொள்ளும், இழிசெயல்கள் மூன்றைச் செய்விக்கும், மன்னனையும் கொல்லும்.

காவியத்திலிருந்து ஆட்டத்துக்கு வந்தபோது வாள் வந்தது, குள்ளர் வரவில்லை. கையேட்டிலுள்ள சாபமேறிய வாள் முதலில் நல்வாளாகவே தோன்றும். போரிலோ அடிக்கு அடி பிழைக்கும். எறிய முயன்றாலும் கையைவிட்டு நீங்காது. கழுத்தை நெரிக்கும் மாலையும், இட்டதை விழுங்கும் பையும் அதே பட்டியலைச் சேர்ந்தன. இவற்றை யார் எதற்காகச் சபித்தனர் என்பது கூறப்படுவதில்லை. அகப்படுபவன் தவறிழைத்தவனுமல்லன், புதையலுக்கு அவசரப்பட்டவன் மட்டுமே. சாபம் இங்கே முறையீடாக நில்லாது பொறியாக மாறிவிட்டது. மாந்தர் ஒருவர்மேல் ஒருவர் ஏவும் சாபமோ கணக்காயிற்று. 2000ஆம் ஆண்டுப் பதிப்பின்படி சாபமிடும் மந்திரம் மூன்றிலொன்றைச் செய்யும்: ஆற்றல் ஒன்றில் ஆறு புள்ளிகளைக் குறைக்கும்; அல்லது தாக்குதல் முதலியவற்றில் நான்கைக் கழிக்கும்; அல்லது ஒவ்வொரு முறையும் செயற்படுவதற்கான வாய்ப்பைப் பாதியாக்கும். ஏதென்ஸ் நகரத்தான் எதிரியின் நாவைக் கட்ட விரும்பியதற்கு இம்மூன்றாவது மிக நெருங்கியது என்பது ஒரு விந்தை. பப்பைரசு நூலும் விதிகளின் தொகுதிதானே என்று கேட்கலாம். ஆனால் அந்நூலின் விதிகள் சாபமிடுபவன் செய்யவேண்டிய செயல்களைக் கூறின. ஆட்டத்தின் விதிகளோ சபிக்கப்பட்டவனுக்கு நேர்வதை அளந்து கூறுகின்றன.

அளந்து கூறப்பட்ட இச்சாபமும் ஒருமுறை மேசையைக் கடந்து வெளியே வந்தது. 1982இல் வேர்ஜீனியா மாநிலத்திற் பாடசாலை மாணவன் ஒருவன் தன்னுயிரைப் போக்கிக்கொண்டான். பாடசாலையில் ஆடிய இவ்வாட்டத்தில் அவன்மீது சாபமொன்று இடப்பட்டது என்றும், அதுவே அவனைக் கொன்றது என்றும் அவன் தாயார் நம்பினார். பாடசாலை அதிபர்மீது வழக்குத் தொடுத்தார். வழக்கு மன்றில் நிலைக்கவில்லை. அவர் அதன்பின் ஓர் இயக்கத்தை அமைத்து இவ்வாட்டத்துக்கு எதிராகப் பல்லாண்டு பிரசாரம் செய்தார். அவரை மூடநம்பிக்கையுடையவர் என எள்ளியோர் பலர். காரணம் கண்டறிய இயலாத இழப்பொன்றின்முன் நின்றவர், லிபானியுஸின் மாணவர் பச்சோந்தியைக் கண்டவாறே சாபத்தைக் கண்டார் எனல் அவர்க்கு இழைக்கும் நியாயமாகும்.

ஆட்டத்தின் வரலாற்றிலும் சாபமிடுபவர் பின்னர் மீண்டும் தோன்றினார். 1983இல் திரேசி ஹிக்மன், லோரா ஹிக்மன் ஆகியோர் ஆக்கிய ‘ரேவன்லொவ்ட்’ இருள்நிறைந்த கோட்டைக் கதையொன்றை ஆட்டத்தினுட் கொணர்ந்தது. 1990இல் அது தனியொரு உலகாக விரிக்கப்பட்டது. அவ்வுலகிற் சாபம் வெறும் கழித்தற் கணக்கன்று. அநீதிக்குள்ளானவர் மனம் நொந்து இடுவது அது. நீங்குவதற்கும் அச்சாபத்தினுள்ளேயே ஒரு வழி உண்டு. அங்கியைக் கோயிலுக்குக் கொணரும்வரை என்று டொசிலியானுஸ் எழுதிய நிபந்தனையை அறியாமலே ஆட்டம் மீளக் கண்டுகொண்டது எனலாம்.

ஆனாற் சாபமிடுபவரை மீட்ட கையோடு ஒரு பழைய பிழையும் உடன் வந்தது. அவ்வுலகிற் சாபமிடுவதிற் பேர்போனோர் விஸ்தானி என்னும் நாடோடிக் கூட்டத்தினர். வண்டிகளில் அலைந்து, குறிகூறி, கண்ணேறிட்டுச் சபிக்கும் அவர்களின் சித்திரம் ஐரோப்பாவின் ரோமா மக்களைப் பற்றிப் பல நூற்றாண்டுகள் வழங்கிவந்த அவதூற்றின் அச்சுப்பிரதியே. தத்தியாஸ்மீது அவளூர் சுமத்திய பழியை ஐரோப்பா ஓர் இனத்தின்மீதே சுமத்தியிருந்தது. அம்மக்களிற் பெருந்தொகையினர் 1930களிலும் 1940களிலும் நாசிகளாற் கொல்லப்பட்டனர். 2016இல் வெளிவந்த ‘ஸ்ட்ராட்டின் சாபம்’ என்னும் நூலிலும் இச்சித்திரம் தொடர்ந்தது. வாசகரிடமிருந்து கண்டனம் எழுந்ததன்மேல், 2020இல் வெளியீட்டாளர் தவற்றை ஒப்புக்கொண்டு, விஸ்தானியரைப் பற்றிய பகுதிகளைத் திருத்தி அந்நூலை அவ்வாண்டிலேயே மறுபதிப்புச் செய்தனர். கதையும் களமும் கோட்டையும் அதன் தலைவனும் பழையபடியே இருந்தனர். குடிவெறியரென்றும் வஞ்சகரென்றும் ஒரு கூட்டத்தார் முழுவதையும் சுட்டிய தொடர்களே நீக்கப்பட்டன.